எழுபத்தொன்றாம் பக்கத்து அழுக்கு

இரும்புலியூரில் ஜிஎஸ்டி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடிப்படிக்குக் கீழே என் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்கேன், பைண்டிங். பன்னிரண்டாவதோடு என் படிப்பு நின்றது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தேன், கம்ப்யூட்டரை நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்கள் பேசுவதில் மனதில் நிற்பதை வீணான தாளின் பின்பக்கத்தில் குறித்து வைப்பேன். ஜாதகம் நகலெடுக்க வந்த ஒரு அம்மா, "எல்லாம் நல்லா இருக்குன்னே எழுதியிருக்கு, அதான் பயமா இருக்கு" என்றார். அதைப் போல ஒரு கட்டு சேர்ந்திருக்கிறது.

அந்தக் கட்டில் ஒரு தாள் முழுக்க ஒரே ஒரு அம்மாவுடைய பேச்சுதான். ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். கோவிலம்பாக்கத்திலிருந்து வருவார். வேலை பார்த்துக்கொண்டே பல வருடமாக பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். வயதில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சும்மா ஒரு மரியாதை.

ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நீட்டிப்பும் முடிகிற வாரம் அது. ஒரு மதியம் ஓடி வந்தார். பென்டிரைவில் மூன்றாம் அத்தியாயத்தின் படங்கள் திறக்கவில்லை. "டிபார்ட்மென்ட்ல எடுத்த பிரிண்ட் இருக்கு அக்கா. ஸ்கேன் பண்ணி உள்ள வெச்சிடுங்க. விட்டா பதிவே ரத்தாயிடும்" என்று ஒரு உறையை நீட்டினார். பதினோரு தாள்கள். எல்லாம் வெள்ளை, அதில் கறுப்புப் புள்ளிகள்.

என் கடையில் பைண்டிங் செய்யும் அண்ணன் எட்டிப் பார்த்தார். பழைய தாம்பரத்துக்காரர், வாய் சும்மா இருக்காது. "இன்னா மேடம் இது, எறும்பு போன மாதிரி கீது?"

"குட்டி கேலக்ஸிங்க அண்ணா. நட்சத்திரக் கூட்டம். அதுலயும் ரொம்பச் சின்னது. வானத்தை வெள்ளையா, வெளிச்சத்தைக் கறுப்பா மாத்திப் போட்டிருக்கு."

"அத்த ஏன் சின்னதா பாக்கணும்? பெர்சா ஒண்ணு பாத்தா சீக்கிரம் பட்டம் குடுத்திருப்பாங்கல்ல?"

மேடம் சிரித்தார். ஸ்கேன் முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து, வகுப்பில் பேசுவது போல இல்லாமல், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுவது போலச் சொன்னார். நான் தாளை வைத்து எடுத்துக்கொண்டே கேட்டேன்.

"முதல்ல வெளிச்சமே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சரக்கு அங்கங்க குமிஞ்சுது. கரும்பொருள்னு சொல்றோம். அது மினுக்காது, சுடாது, நிழல்கூட விழாது. இழுக்கும், அவ்வளவுதான். அதுக்குள்ள வாயு போய் விழுந்து, ஆறி, நட்சத்திரமாச்சு. பெரிய குவியலுக்குப் பிடி ஜாஸ்தி. சின்னதுக்குக் கம்மி. உள்ள ஒரு பெரிய நட்சத்திரம் வெடிச்சா, மிச்சமிருந்த வாயுவை எல்லாம் வெளிய தள்ளிடும். அப்புறம் அங்க எதுவும் புதுசா பிறக்காது. இருக்கிறதுக்கு வயசாகிட்டே இருக்கும்."

"பெத்த புள்ளையே வூட்ட காலி பண்ணுது" என்றார் அண்ணன்.

"சிலதுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல அண்ணா. முதல் நட்சத்திரங்க வந்த காலத்துல, அதுங்களோட வெளிச்சமே எல்லா இடத்து வாயுவையும் சூடாக்கிடுச்சு. சூடான வாயு சின்னக் குவியல்ல இறங்காது. அதுக்கு முன்னாடியே கொஞ்சம் நட்சத்திரம் சேர்த்துக்கிட்டது மட்டும் கொஞ்சமா மினுக்கிட்டு இருக்கு. மத்ததெல்லாம் இருட்டாவே சுத்துது. ஒரு நட்சத்திரம்கூட இல்லாம."

"இப்பவும் சுத்துதா?"

"இப்பவும். இந்தப் பக்கத்துலயே இருக்கலாம்."

அண்ணன் கையிலிருந்த பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, தெருவை ஒருமுறை பார்த்தார். மத்தியான வெயில், ஆள் இல்லை. அந்தப் பார்வையை நான் அப்போது கேலியாகத்தான் நினைத்தேன்.

பிறகு மேடம் எழுபத்தொன்றாம் பக்கத்துப் படத்தை எடுத்துக் காட்டினார். ஒரு அம்புக்குறி. அதன் நுனியில், சொட்டுத் தண்ணீர் விழுந்து காய்ந்தால் தாளில் எப்படி ஒரு வட்டம் நிற்குமோ அப்படி ஒரு மங்கல். அதுவும் அவர் சொன்ன பிறகு தெரிந்தது.

"பெரிய நட்சத்திர மண்டலத்துக்குப் பக்கத்துல இருக்கிற குட்டிங்களை அது உருவிடும் அக்கா. முதல்ல வாயு போகும், அப்புறம் ஓரத்து நட்சத்திரங்க போகும். மிஞ்சறது வழவழன்னு ஒரு உருண்டை, உயிர் இல்லாதது. தனியா நிக்கிற குட்டிங்க வேற மாதிரி. வாயு கையில இருக்கும், உருவம் கோணல்மாணலா இருக்கும், நட்சத்திரம் பிறந்துட்டே இருக்கும். இது தனியா நிக்குது. சுத்தி யாருமே இல்ல. ஆனா வாயு இல்ல, புதுப் பிறப்பு இல்ல, அப்படியே விரிஞ்சு மெலிஞ்சு போயிருக்கு. உருவினது யாரு?"

கேட்டுவிட்டு அவரே பதில் சொன்னார். எந்தக் காலத்திலோ இது ஒரு பெரிய மண்டலத்தின் உள்ளே நுழைந்து, ஊடே போய், மறுபக்கம் வீசப்பட்டிருக்க வேண்டும். உருவியது இப்போது வெகு தூரத்தில் இருக்கிறது. இதை யாரும் கண்டதாக எங்கேயும் எழுதவில்லை. பொதுவில் கிடைக்கும் தொலைநோக்கிப் படங்களைப் பல மாதம் பார்த்து இவர் கண்டுபிடித்தார். டிபார்ட்மென்டில் பாதிப்பேர் அது படத்தில் வந்த கோளாறு என்றார்களாம். "மூணாவது அத்தியாயம் முழுக்க இதுமேலதான் நிக்குது. இது இல்லைன்னா நான் இத்தனை வருஷமா ஒண்ணும் பார்க்கல."

கைடிடம் கையெழுத்து வாங்க அவர் கிளம்பிப் போனார். இரண்டு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன்.

ஸ்கேன் எடுத்தால் கண்ணாடியில் இருக்கும் தூசி தாளில் புள்ளியாக விழும். மார்க் ஷீட்டோ பட்டாவோ எதுவானாலும் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்துச் சுத்தமாக்கித்தான் கொடுப்பேன். யாரும் கேட்பதில்லை, அதற்குத் தனியாக எதுவும் வாங்குவதும் இல்லை. "உங்க கடையில எடுத்தா ஒரிஜினலைவிட பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள், அந்த வார்த்தைக்காகத்தான். பெரிய, உருண்டையான, அழுத்தமான புள்ளிகள் அச்சு என்று விட்டுவிட்டேன். சின்னதும் மங்கலும் தூசி. விரல் பட்ட மாதிரி இருந்ததெல்லாம் கறை. மேடம் அந்த மங்கலைக் காட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் பதினோரு பக்கத்தையும் வரிசையாகச் செய்யும்போது கை ஒரு வேகத்துக்கு வந்துவிடுகிறது. அந்த வேகத்தில் கண் பார்க்கிறது, மனசு பார்ப்பதில்லை. அம்புக்குறியை விட்டேன். அது கோடு, கோடு அழுக்கில்லை அல்லவா.

மேடம் வந்தார், திரையில் பார்த்தார். அச்செடுத்ததும் தாளில் பார்த்தார். மறுநாள் பைண்டிங்குக்கு முன்னால் மறுபடி இரண்டு தடவை பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். மெரூன் ரெக்ஸின், தங்க எழுத்து, நான்கு பிரதிகள். நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளர்கள் இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டார்கள் என்று மேடம் போனில் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது, சந்தோஷத்தில்.

மூன்று வாரம் கழித்து ஒருவர் நிலப் பத்திரம் ஸ்கேன் எடுக்க வந்தார். ஒன்பது பக்கம். ஒன்பதிலும் இடது மூலையில் ஒரே இடத்தில் ஒரே புள்ளி. கண்ணாடியைத் துடைத்தேன், போய்விட்டது. துடைத்த துணி கையிலேயே இருக்க, நான் அப்படியே நின்றேன்.

கண்ணாடித் தூசி எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில்தான் விழும். அது எங்கள் தொழிலில் முதல் பாடம். மேடத்தின் பதினோரு பக்கங்களில் நான் அழித்த புள்ளிகள் ஒரே இடத்திலா இருந்தன?

பத்திரக்காரர் போன பிறகு பழைய ஸ்கேன்களைத் திறந்தேன். நல்லவேளை, அழிக்காத கோப்புகள் இருந்தன. ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் ஒரு புள்ளிகூட ஒத்துப்போகவில்லை. ஒன்றுகூட தூசி இல்லை. அத்தனையும் வானம். எழுபத்தொன்றைப் பழையதும் புதியதுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புதியதில் அம்புக்குறி வெறும் வெள்ளையைக் காட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணா, இங்க வாங்க" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். திரையில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தொடச்சிட்டியாம்மா?" என்றார் கடைசியில். மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்பதுபோல.

போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. மறுநாள் பஸ் பிடித்துக் கோவிலம்பாக்கம் போனேன். வெயிலில் கண் கூசியது. மேலே வானம் முழுக்க வெளுத்துக் கிடந்தது, மேடத்தின் தாள் மாதிரி. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தால் அதில் மங்கல் மங்கலாக ஏதோ நகர்ந்தது. கண்ணுக்குள் மிதக்கும் பூச்சிதான், எனக்குத் தெரியும். இருந்தாலும் நடக்கும்போது மேலே பார்க்காமலே நடந்தேன்.

மேடம் இருந்தது புதிதாகக் கட்டிய ஒரு அடுக்குமாடி. ஐந்து மாடி, எல்லா வீடும் விற்றாயிற்று என்று வாட்ச்மேன் சொன்னார். "குடி வந்தது ஆறு வூடுதான். மத்தவங்கல்லாம் எங்கியோ கீறாங்க. யாருன்னே தெர்ல." லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் யாரோ கூப்பிட்டது போல நின்றது. கதவு திறந்தால் நீண்ட நடை, இருபுறமும் மூடிய கதவுகள், கதவுகளில் பிரிக்காத பிளாஸ்டிக் உறை. யாரும் ஏறவில்லை. கதவு தானே மூடிக்கொண்டது. நாலாவது மாடிக்கு வருவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. எதற்குப் பயந்தேன் என்று கேட்டால், சொல்லப் போகிற விஷயத்துக்கா அந்தக் கதவுகளுக்கா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

மேடம் அப்போதுதான் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். அழித்ததும் அழிக்காததுமாக அச்செடுத்திருந்த இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் உள்ளே போய்த் தன் பிரதியை எடுத்து வந்து எழுபத்தொன்றைத் திறந்தார். அம்பு நுனியில் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அக்கா, நான் இதை நாலு தடவை பார்த்தேன்."

"தெரியும் மேடம். தப்பு என்..."

"இல்ல, கேளுங்க. நாலு தடவையும் அது இங்க இருந்துச்சு. நான் பார்த்தேன்."

இரண்டு பேரும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகும் வாசம் வந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

அவர் கைடுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அனுப்பியாச்சும்மா. இப்ப போய்ப் பக்கம் மாத்துறேன்னா எல்லாத்தையும் திரும்ப வாங்கி, மறுபடி பதிஞ்சு... உங்க காலக்கெடு தாண்டிடும். ரிப்போர்ட்ல கேட்டா அப்ப பதில் சொல்லிக்கலாம். சும்மா இருங்க." சும்மா இருந்தோம். எனக்கு அந்த மாதங்களில் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அது அலங்காரமில்லை. ஏதாவது ஒரு தேர்வாளர் "அம்பு காட்டும் இடத்தில் எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும், அந்த அம்மாவின் இத்தனை வருடமும் என் கையால் அழிந்தது.

ரிப்போர்ட் வந்தது. மேடம் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வெளிநாட்டுத் தேர்வாளர் ஒன்றும் சொல்லாமல் ஒப்புக்கொண்டிருந்தார். இங்கே இருப்பவர், வாய்மொழித் தேர்வுக்கு நேரில் வரப்போகிறவர், இரண்டு பக்கம் பாராட்டி எழுதியிருந்தார். மேடம் ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரியின் கீழே நகத்தால் கோடு போட்டு எனக்குத் தமிழில் சொன்னார். எழுபத்தொன்றாம் பக்கத்துப் படத்தில் அந்தச் சிறு மண்டலம் தெளிவாகத் தெரிகிறது.

அண்ணன் கைதட்டினார். "அப்போ பாஸ்! வுடுங்க மேடம். ஒரே பேஜாரா இருந்துச்சு, தீந்துச்சு."

எனக்கும் முதலில் மூச்சு வந்தது. அப்புறம்தான் மேடம் சிரிக்காததைக் கவனித்தேன்.

"தெளிவா தெரியுதாம் அண்ணா" என்றார் மேடம். "இல்லாத இடத்துல. அவர் ரொம்பப் பெரிய ஆளு, பொய் எழுத மாட்டார். பார்த்திருக்கார். நான் பார்த்த மாதிரியே."

"அதுக்கின்னா இப்போ?"

"அப்ப முதல் முதல்ல, அம்பு போடறதுக்கு முன்னாடி நான் பார்த்தது என்ன? அது இருந்துச்சா, இல்ல இருக்கணும்னு நான் நெனச்சேனா? இதைத் தெரிஞ்சுக்காம அந்தப் பட்டத்தை வாங்கி நான் எங்க மாட்டறது?"

"வாய மூடிகினு போனா டாக்டரு. தொறந்தா இன்னா ஆவும்?"

"திரும்ப எழுதச் சொல்லலாம். எனக்கு அதுக்கு டைம் இல்ல. அவ்வளவுதான், முடிஞ்சுது."

அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தடுக்க வேண்டியவள் நான்தான். தடுக்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்றார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக முப்பது பேர் இருப்பார்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள். தேர்வாளர் வெள்ளைச் சட்டை, வயதானவர், ரிப்போர்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

மேடம் நாற்பது நிமிடம் பேசினார். எனக்குப் புரிந்ததும் உண்டு, புரியாததும் உண்டு. மூன்றாம் அத்தியாயம் வந்தபோது நிறுத்தினார்.

"சார், உங்களுக்கு வந்த பிரதியில எழுபத்தொன்றாம் பக்கத்துப் படம் தப்பு. ஸ்கேன் பண்ணும்போது அந்த மண்டலம் அழிஞ்சு போச்சு. அம்பு நுனியில ஒண்ணுமில்ல. நானும் கவனிக்கல." அழித்தவள் யார் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

முதல் வரிசையில் இருந்த கைடு தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். தேர்வாளர் ஆய்வேட்டை எடுத்தார், பக்கத்தைத் திருப்பினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

"நான் அம்பைப் பார்த்திருக்கேம்மா" என்றார். "படத்தைப் பார்க்கல."

"இது மூலப்படம் சார், தொலைநோக்கித் தளத்துலேர்ந்து திரும்ப எடுத்தது. இதுல நான் அம்பு போடல." புரொஜெக்டர் படம் சுவர் முழுக்க வெள்ளையாக விரிந்தது, மேலே நூற்றுக்கணக்கில் கறுப்புப் புள்ளிகள். "நீங்களே பார்த்துச் சொல்லணும். உங்களுக்குத் தெரியலைன்னா நான் ஏத்துக்கறேன்."

அவர் எழுந்து சுவரருகே போனார். புள்ளிகள் அவர் சட்டைமேலும் நெற்றிமேலும் விழுந்தன. கையைத் தூக்கி, தடவுவது போல, சுவரைத் தொடாமல் இடமிருந்து வலமாகக் கொண்டுபோனார். அவர் கையின் நிழல் புள்ளிகளை மறைத்து மறைத்து விட்டது.

அந்த அறையில் அது இருக்கும் இடம் சரியாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கண்டுபிடித்தவர். இன்னொருத்தி அழித்தவள். கீழிருந்து ஒரு சாண், வலப்பக்கம் மூன்று புள்ளி வரிசையாக நிற்கும், அதற்குக் கீழே. என் கை அந்த இடத்தை மறக்கவில்லை. மடியில் என் விரல் தானாக அசைந்தது.

அவர் கை ஓரிடத்தில் நின்றது. "இதுவா?"

"இல்ல சார்." மேடம் தலையை அசைத்தார்.

மறுபடி நகர்ந்தது. மூன்று புள்ளிக்கு வந்தது. தாண்டியது. தாண்டிப் போயே போய்விட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கை திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தார். விரல் இறங்கிச் சுவரைத் தொட்டது.

"இங்க ஏதோ இருக்கு. இதுவா?"

மேடம் ஆமாம் என்று தலையை ஆட்டினார், பலதடவை. கண்ணில் தண்ணீர்.

"கையை எடுத்தா தொலைஞ்சிடும் போலிருக்கே" என்றார் அவர். எடுக்கவில்லை. எல்லோரையும் வந்து பார்க்கச் சொன்னார். ஒவ்வொருவராகப் போனார்கள். சிலர் தெரிகிறது என்றார்கள், சிலர் தெரியவில்லை என்றார்கள். தெரியவில்லை என்றவர்களிடமும் அவர் கோபிக்கவில்லை. நான் கடைசியாகப் போனேன். அவர் நகத்துக்குப் பக்கத்தில், வெள்ளையைவிட ஒரு சிட்டிகை குறைந்த வெள்ளையாக அது இருந்தது. நேராகப் பார்த்தால் இல்லை. பார்வையைக் கொஞ்சம் விலக்கினால், தான் பார்க்கப்படுவதை அறிந்துகொண்டது போல, மெல்ல வந்தது. இதையா நான் துடைத்தேன்.

விளக்கைப் போட்டார்கள். சரியான படத்தை ஒட்டித் தர ஒரு வாரம் கொடுத்தார். பிறகு தன் ரிப்போர்ட்டை எடுத்து, சட்டைப்பையிலிருந்த பேனாவைத் திறந்து, அந்த வரியில் 'தெளிவாக' என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மற்றதை அப்படியே விட்டார்.